கை வைக்காத பரியாரியார்

1979ஆம் ஆண்டு. வாப்பாவை ஒரு வாடகைக் காரின் பின் இருக்கையில் கால் நீட்டிக் கிடத்தி, யாழ்ப்பாணம் சோனகதெருவிலிருந்து அரியாலைக்குக் கொண்டு போனோம். எனக்கு அப்போது 11 வயது. காரின் முன்னே சாச்சாவின் மடியில் நான். என் மடியில் ஒரு போத்தல் நல்லெண்ணெய். பரியாரியாரிடம் போகும்போது வெறுங்கையோடு போகக்கூடாது என்று உம்மம்மா தந்து விட்டது.

வாப்பா தையற்காரர். இரண்டு மாதத்துக்கு முன் சைக்கிளிலிருந்து விழுந்து இடது கணுக்கால் உடைந்து, மாவுக்கட்டோடு ஆறு கிழமை படுத்துக் கிடந்தார். கட்டு வெட்டிய சில நாட்களில் கெண்டைக்கால் வீங்கி, தோல் பளபளத்து, தொட்டால் சுட்டது. தெருவில் எல்லோருக்கும் ஒரே அபிப்பிராயம். கட்டுப் போட்டுக் கிடந்த கால், இரத்தம் ஓடாமல் நிற்கிறது, அரியாலைப் பரியாரியார் நாலு நாள் எண்ணெய் போட்டு உருவி விட்டால் எல்லாம் ஓடிவிடும்.

பரியாரியார் திண்ணையில் பாய் விரித்து வாப்பாவை இருத்தினார். புறங்கையை முதலில் ஒரு காலிலும் பிறகு மற்றக் காலிலும் வைத்துச் சூடு பார்த்தார். ஒரு நூல் எடுத்து இரண்டு கெண்டைக்காலையும் சுற்றி அளந்தார். ஊருக்கெல்லாம் அளவெடுத்த மனிதரை இன்னொருவர் அளவெடுக்கிறார் என்று வாப்பாவுக்கே சிரிப்பு வந்தது. பரியாரியார் சிரிக்கவில்லை. மூச்சு முட்டுதோ, நெஞ்சு நோகுதோ என்று கேட்டார். பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“காக்கா, உதில நான் கை வைக்கமாட்டன். வேற ஆரையும் வைக்க விடவும் வேண்டாம். வீட்டுக்கும் போகாதேங்கோ. இப்பிடியே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ.”

எண்ணெய்ப் போத்தலையும் வாங்கவில்லை. வெற்றிலையில் வைத்த காசையும் தொடவில்லை.

காலின் ஆழத்திலுள்ள நாளத்தில் இரத்தம் கட்டியாக உறைந்திருக்கிறது என்றார் பெரியாஸ்பத்திரி டொக்டர். உருவியிருந்தால் அந்தக் கட்டி கழன்று இதயம் வழியாக நுரையீரலுக்குப் போயிருக்கலாம். அப்படிப் போனால் ஆள் நிமிடங்களில் முடிந்துவிடவும் கூடும் என்று அவர் சாச்சாவிடம் சொன்னதை நான் கதவோரம் நின்று கேட்டேன். வாப்பா அதற்குப் பிறகு 19 வருடம் உயிரோடு இருந்தார். அந்த 19 வருடமும் ஒரு பரியாரியார் தன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டதால் எங்களுக்குக் கிடைத்தவை.

இன்று முதுகுவலி என்றாலும் முழங்கால் வலி என்றாலும் நண்பர்கள் என்னிடம் கேட்பது, “மசாஜ் செய்ய எங்கே போகலாம்?” என்பதுதான். எந்த எண்ணெய், எவ்வளவு காசு என்பது அடுத்த கேள்வி. ஒரு கையிடம் நம் உடம்பை ஒப்புக்கொடுக்குமுன் அறிய வேண்டியது வேறொன்று என்பதை அரியாலைத் திண்ணையில் நான் கண்டேன். அது அந்த ஒரு மனிதரின் நல்ல குணம் மட்டுமல்ல, நீண்ட வரலாறு கொண்ட ஒரு மரபு என்று விளங்கப் பல வருடங்கள் சென்றன.

*

யாழ்ப்பாணத்தில் நாம் உருவுதல் என்போம். தமிழகத்தில் நீவுதல், பிடித்துவிடுதல் என்பார்கள். சித்த மருத்துவ நூல்களில் அதன் பெயர் தொக்கணம். சித்தர்கள் புற மருத்துவத்தை 32 என வகுத்தார்கள். ஒற்றடம், பற்று, வேது போன்றவற்றோடு தொக்கணமும் அதில் ஒன்று. தொக்கணத்துக்குள்ளே மேலும் ஒன்பது முறைகள்: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். ஒரே கைக்கு ஒன்பது தொழில் ஏன்? தட்ட வேண்டிய இடத்தில் முறுக்கினாலும், பிடிக்க வேண்டிய இடத்தில் இழுத்தாலும் மருந்தே நோயாகும் என்பதால்தான். இந்த வகுப்பு கைத்தொழிலின் அட்டவணை மட்டுமல்ல, ஓர் எச்சரிக்கையும்கூட.

ஈழத்துக்கென்றும் ஒரு மருத்துவ நூல் மரபு உண்டு. யாழ்ப்பாண அரசர்களின் சிம்மாசனப் பெயர்களைத் தாங்கிய செகராசசேகரமும் பரராசசேகரமும் ஏடுகளாக வைத்தியர் வீடுகளில் இருந்தவை. ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளையின் உழைப்பால் அவை கடந்த நூற்றாண்டின் முற்பாதியில் அச்சேறின. அரியாலைப் பரியாரியார் இவற்றைப் படித்தவரோ, தகப்பனிடம் கண்டு பழகியவரோ, எனக்குத் தெரியாது. ஆனால் நூலெடுத்து இரு கால்களையும் அளந்து ஒப்பிட்ட செயல், இன்றைய மருத்துவ மாணவன் வார்டில் அளவுநாடாவோடு செய்கிற அதே செயல்தான்.

நமது பக்கத்து மரபும் இதில் சளைத்ததல்ல. இப்னு சீனா (980-1037) தமது ‘அல்கானூன்’ நூலின் முதற் பாகத்தில் தேய்த்தலுக்கென்றே தனி இடம் ஒதுக்கியிருக்கிறார். அறபியில் அதன் பெயர் ‘தல்க்’. வன்மையான தேய்ப்பு உடலை இறுக்கும், மென்மையானது தளர்த்தும், அளவு மீறியது உடலை மெலிவிக்கும், நடுத்தரமானது வளர்க்கும் என்று அவர் பிரிக்கிறார். உடற்பயிற்சிக்கு முன் உடலை ஆயத்தம் செய்யும் தேய்ப்பு ஒன்று, பின் களைப்பாற்றும் தேய்ப்பு ஒன்று. பின்னையது எண்ணெயிட்டு, மெதுவாக அமைய வேண்டும். கிரேக்க மருத்துவர் காலன் எழுதியவற்றிலிருந்து இவற்றில் பலவற்றை அவர் எடுத்து ஒழுங்கு செய்தார். 12ஆம் நூற்றாண்டில் கானூன் இலத்தீனுக்குப் போனபோது இந்த அறிவும் ஐரோப்பாவுக்குப் போனது.

இப்னு சீனா மருத்துவருக்கு எழுதினார். கடைத்தெருவில் தொழில் செய்கிறவனை யார் பார்ப்பது? அதற்கு ‘முஹ்தஸிப்’ என்ற சந்தை அதிகாரி இருந்தார். அந்த அதிகாரிகளுக்காக ஷாம் தேசத்து அஷ்-ஷைஸரீ 12ஆம் நூற்றாண்டில் ஒரு கைநூல் எழுதினார. எலும்பு முறிவு வைத்தியனைப் பற்றி அதில் வருவது சுவையானது. பண்டைய மருத்துவர் பவுலின் தொகுப்பில் ஆறாம் பகுதியைக் கற்றுத் தேறி, மனித உடலின் எலும்புகள் 248 என்பதையும் ஒவ்வொன்றின் வடிவத்தையும் அறிந்திருந்தாலன்றி ஒருவன் முறிவுக்குக் கை வைக்கக்கூடாது. முஹ்தஸிப் அவனைச் சோதிக்க வேண்டும். வளர்ந்தவருக்கு எலும்புகள் 206 என்பதே இன்றைய கணக்கு. எண்ணிக்கை பிழைத்தாலும் கொள்கை பிழைக்கவில்லை. கற்காத கை தொடக்கூடாது, கற்றதா என்று ஊர் கேட்க வேண்டும்.

இந்தக் கொள்கைக்கு வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. மருத்துவம் தெரிந்தவராக அறியப்படாத ஒருவர் மருத்துவம் பார்த்தால், விளையும் சேதத்துக்கு அவரே பொறுப்பாளி என்ற கருத்துடைய நபிமொழி அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் பதிவாகியுள்ளது. அதில் ‘அறியப்படாத’ என்ற சொல்லில்தான் என் மனம் நிற்கிறது. ஒருவரை அறிவது யார்? அவர் வாழும் ஊர். ஆகவே பொறுப்பு தொடுகிறவருக்கு மட்டுமல்ல, விசாரிக்காமல் காலை நீட்டுகிறவருக்கும் உண்டு.

*

இந்தக் கலையை மேற்கில் பேர்பெறச் செய்தவர்களில் ஒருவர் ஓர் இந்திய முஸ்லிம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஷேக் தீன் முஹம்மத் 1759இல் பாட்னாவில் பிறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையோடு வளர்ந்து, 1784இல் அயர்லாந்தின் கோர்க் நகருக்குப் போனார். 1794இல் தமது பயண நூலை வெளியிட்டார். ஆங்கிலத்தில் நூல் எழுதி வெளியிட்ட முதல் இந்தியர் அவரே. 1810இல் லண்டனில் ஓர் இந்திய உணவுக் கடை திறந்து நட்டப்பட்டார். அதற்கு முன் சென்னையில் பெரும்பணம் சேர்த்துத் திரும்பிய பேசில் கொக்ரேன் என்ற வெள்ளைக்காரரின் நீராவிக் குளிப்பகத்தில் அவர் வேலை பார்த்திருந்தார். அந்த அனுபவத்தோடு 1814இல் பிரைட்டன் கடற்கரை நகருக்குப் போய் மருந்து ஆவிக் குளிப்பும் உருவலும் தொடங்கினார். உருவலுக்கு அவர் வைத்த பெயர் ‘ஷாம்பூயிங்’. பிடித்து அமுக்குவதைக் குறிக்கும் ‘சாம்ப்போ’ என்ற இந்திச் சொல்லின் வழி வந்தது அது. இன்று போத்தலில் தலைக்கு வாங்கும் ஷாம்பூவும் அதே சொல்தான்.

ஆங்கில டொக்டர்கள் முதலில் அவரைக் கேலி செய்தார்கள். பிறகு அவர்களே நோயாளிகளை அனுப்பினார்கள். நாலாம் ஜோர்ஜ் மன்னருக்கும் அடுத்து வந்த நாலாம் வில்லியத்துக்கும் அவர் உருவல் வைத்தியரானார். குணமானவர்கள் விட்டுச் சென்ற ஊன்றுகோல்கள் அவரது நிலையத்தில் காட்சிக்கு இருந்தன. பெண்களுக்கான பகுதியை அவரது மனைவி ஜேன் கவனித்தார். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்று நாம் இன்றும் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டிய ஒழுங்கு அங்கே 200 வருடத்துக்கு முன்பே இருந்தது. அவர் 1851இல் இறந்தார். அவரது கல்லறை பிரைட்டன் செயின்ட் நிக்கலஸ் தேவாலய முற்றத்தில் இருக்கிறது.

நம்மவர் என்று பெருமைப்படுவதோடு நின்றுவிடலாகாது. 1822இல் ஷாம்பூயிங் பற்றி அவர் எழுதிய நூலில் தமது பிறப்பை 1749 என்று பத்து வருடம் பின்தள்ளிவிட்டார். தாம் மருத்துவப் பயிற்சி பெற்றதாகச் சொன்ன வருடங்களுக்கு இடம் வேண்டியிருந்தது. அந்தப் பயிற்சிக்கு அவரது முதல் நூலில் எந்தச் சான்றும் இல்லை. கை நல்ல கையாக இருந்திருக்கலாம். ஆனால் சுவரில் தொங்கும் ஊன்றுகோலும் மன்னரின் நற்சாட்சியும் ஒருவர் எங்கே கற்றார் என்பதற்குப் பதில் ஆகமாட்டா. அவற்றின் இடத்தில் இன்று கண்ணாடிச் சட்டமிட்ட சான்றிதழும் பிரமுகரோடு எடுத்த படமும் தொங்குகின்றன.

*

தீன் முஹம்மத் பிரைட்டனில் முதுமையடைந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் இன்னொரு கதவு திறந்தது. அமெரிக்க மிசன் டொக்டர் சாமுவேல் கிறீன் 1847இல் வந்து, மானிப்பாயில் இருந்துகொண்டு உடற்கூற்றையும் இரணவைத்தியத்தையும் தமிழிலேயே கற்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார். 1850இல் அரசாங்க அதிபர் டைக் நிறுவிய மருத்துவமனையே வளர்ந்து எங்கள் பெரியாஸ்பத்திரி ஆனது. அது முதல் யாழ்ப்பாணத்தானுக்கு இரண்டு கதவுகள். நல்ல பரியாரியார் என்பவர் தன் கதவை எப்போது சாத்தி மற்றக் கதவைக் காட்ட வேண்டும் என்று அறிந்தவர்.

அரசும் பிந்தியேனும் முஹ்தஸிபின் வேலையைக் கையில் எடுத்தது. 1929இல் கொழும்பில் சுதேச வைத்தியக் கல்லூரி தொடங்கியது. ஆயுர்வேதம், சித்தம், யூனானி மூன்றுக்கும் அங்கே இடம் இருந்தது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம், சித்தத்தையும் யூனானியையும் ஆயுர்வேதம் என்ற சொல்லுக்குள் அடக்கி, வைத்தியர்களைப் பதிய ஒரு மருத்துவ சபையை ஏற்படுத்தியது. 1984இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவத் துறை ஆரம்பமானது. அது இருக்கும் கைதடி, அரியாலையிலிருந்து கண்டி வீதியில் செம்மணியையும் நாவற்குழியையும் தாண்டினால் வந்துவிடும்.

ஆனால் எங்கள் தெருவுக்குப் பதிவேடு தேவைப்படவில்லை. முறிவுக்கு ஒட்டகப்புலம், உருவலுக்கு அரியாலை, பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு தாய்க்கு எண்ணெய் பூச ஒஸ்தா மாமி. யாருடைய கை எதற்கு நல்லது, யார் குடித்துவிட்டு வருவார், யார் தெரியாததைத் தெரியாது என்பார், எல்லாம் உம்மம்மாவின் நாவில் இருந்தது. இந்து, வேதக்காரர், சோனகர் என்ற பேதம் அந்தப் பட்டியலில் கிடையாது.

1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை ஜின்னா மைதானத்தில் கூட்டி, இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். அந்த ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் 75,000 அளவில் என்பர். வீடும் கடையும் நகையும் போனதைப் பலர் எழுதிவிட்டார்கள். உம்மம்மாவின் பட்டியல் போனதை யாரும் எழுதவில்லை.

அடுத்த வருடம் புத்தளம் பக்கத்து முகாமில் உம்மம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். எழும்ப முடியவில்லை. ஒரு கால் மற்றதைவிடக் குறுகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது. முகாமில் ஒருவர், இது சுளுக்கு, தமக்கு உருவத் தெரியும் என்றார். அவர் எந்த ஊர், யாரிடம் பழகியவர், யாருக்கும் தெரியாது. விசாரிக்க யாரும் இல்லை, எல்லோருமே அகதிகள். மூன்று நாள் எண்ணெய் போட்டு இழுத்தார். உம்மம்மா கத்திய சத்தம் ஓலைத் தட்டிகளைத் தாண்டிக் கேட்டது. நாலாம் நாள் எக்ஸ்ரே எடுத்தபோது தொடை எலும்பு இடுப்புக்குக் கிட்ட முறிந்து விலகியிருந்தது. அதற்குப் பிறகு அவர் நடக்கவேயில்லை. 1992இல் மௌத்தாகுமட்டும் அந்த மனிதரை அவர் ஏசவில்லை. “அரியாலையில எண்டா கை வைச்சிருக்க மாட்டாங்க” என்று மட்டும் சொல்வார்.

1995இல் அதே ஒக்ரோபர் 30ஆம் திகதி அரியாலை மக்களும் வலிகாமம் மக்களும் மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பாலத்தைக் கடந்து வெளியேற வேண்டியதாயிற்று. பின்னர் 2000இல் அரியாலையின் கிழக்குப் பகுதி போர்முனையானது. யுத்தம் முடிந்து சில வருடங்களில் நான் அந்தத் திண்ணையைத் தேடிப் போனேன். அத்திவாரக் கல் மட்டும் இருந்தது. பரியாரியாரின் பிள்ளைகள் வெளிநாட்டில் என்றார்கள். 2025இல் அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் மனித எலும்புகள் தோண்டி எடுக்கப்பட்ட படங்களைப் பார்த்தபோதும், முதலில் நினைவுக்கு வந்தது எலும்பைக் கையால் அறிந்த அந்த மனிதர்தான். கை அறிவு அறுந்தது எங்களுக்கு மட்டுமல்ல, அவர்களுக்கும்தான்.

*

ஊர் சிதறிய பிறகு, ஊருக்குத் தெரிந்திருந்ததை எழுதி வைப்பது தவிர வேறு வழியில்லை. ஆகவே டொக்டர்களிடமும் சித்த வைத்தியர்களிடமும் கேட்டறிந்ததை இங்கே சேர்த்து வைக்கிறேன்.

ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால், அதிலும் நெடுநாள் படுத்தெழுந்தவருக்கு அல்லது சத்திரசிகிச்சை செய்தவருக்கு, யாரும் கை வைக்கக்கூடாது. விழுந்தபின் காலூன்ற முடியாவிட்டால் முதலில் எக்ஸ்ரே. முதுகுவலியோடு கால் மரத்துச் சோர்ந்தாலோ சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ அன்றே ஆஸ்பத்திரி. திடீரென வாய் கோணி, கைகால் ஒரு பக்கம் விழுந்தால் எண்ணெய்ப் போத்தலைத் தேடாதீர்கள். மூளையில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக முதல் நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். உருவலுக்குப் போன நேரம் திரும்பி வராது. காய்ச்சல், ஆறாத புண், தோல் தொற்று இருக்கும்போது உருவல் வேண்டாம்.

கர்ப்பிணி, புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர், இரத்தம் உறையாமலிருக்க மருந்து குடிப்பவர், எலும்பு தேய்ந்த முதியவர், இவர்கள் தம் டொக்டரைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும்; போன இடத்திலும் முதல் வார்த்தையாக அதைச் சொல்ல வேண்டும். நீரிழிவுக்காரருக்குப் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கலாம். சூட்டெண்ணெய் சுட்டாலும் தெரியாது. கழுத்தைச் சடாரென முறித்துச் சத்தம் எழுப்ப யாரையும் விடாதீர்கள். அங்கே மூளைக்கு இரத்தம் கொண்டு போகும் நாடிகள் ஓடுகின்றன. வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே போகாதீர்கள். புதிய எண்ணெய் என்றால் முந்தின நாள் முழங்கையில் சிறிது பூசிப் பாருங்கள். நொந்தால் “போதும்” என்று சொல்லும் உரிமை உங்களுடையது. ஒன்றிரண்டு நாள் மெல்லிய நோவு இருக்கலாம். அதற்கு மேல் நீடித்தால் திரும்ப அங்கே போக வேண்டாம்.

இதையெல்லாம் படித்து உருவலே ஆபத்து என்று யாரும் எண்ண வேண்டாம். அலுத்த தசைக்கு அது ஆறுதல், முதுகுவலிக்குச் சில காலத்துக்கேனும் சுகம், நல்ல நித்திரை. ஆனால் எல்லா நோயையும் உருவி எடுப்பேன் என்கிறவர், ஒன்பது தொக்கணத்தையும் அறியாதவர் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பதிவு இருக்கிறதா, எங்கே கற்றீர்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. முஹ்தஸிப் கேட்ட கேள்விதான் அது. அதோடு இன்னும் ஒன்று கேளுங்கள்: “எப்படிப்பட்ட ஆளுக்கு நீங்கள் கை வைக்கமாட்டீர்கள்?”

அதற்குத் தடுமாறாமல் பதில் சொல்கிறவரிடம் பிஸ்மி சொல்லிக் காலை நீட்டலாம்.